ஆல்தோ சார்

1

இந்தக் குளிர்காலத்தில் ஒரு தேர்வில் தோற்றுப்போனேன். எண்பதைத் தாண்டியவனுக்குத் தேர்வு எதற்கு என்று கேட்பீர்கள். கனடாவில், ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டுக்கு அருகில் ஒரு சமூகநல நிலையம் இருக்கிறது. புதிதாக வந்த தமிழர்கள் மருத்துவரிடமோ அரசு அலுவலரிடமோ பேசும்போது உடனிருந்து மொழிபெயர்க்க அவர்களுக்குத் தன்னார்வலர்கள் வேண்டும். வாழ்நாள் முழுவதும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். பனி கொட்டுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட இது மேல் என்று விண்ணப்பித்தேன்.

முதலில் காவல்துறைச் சான்று வாங்க வேண்டும். என் கடவுச்சீட்டில் பிறந்த ஊர் ‘கடலூர் என்.டி.’ என்று இருக்கிறது. என்.டி. என்றால் நியூ டவுன் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். இந்த நாட்டில் அந்த இரண்டு எழுத்தும் வடதுருவத்தை ஒட்டிய ஒரு பனிப்பிரதேசத்தைக் குறிக்கும். கணினியில் விவரம் ஏற்றிய பெண் என்னை அங்கே பிறந்தவனாக்கிவிட்டாள். அதைத் திருத்த அலைந்ததில் கார்த்திகை போய்த் தை வந்துவிட்டது.

பிறகு தேர்வு. ஒரு சிறு அறையில் ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டார்கள். ஒரு பெண் மருத்துவரிடம் தமிழில் பேசுவதாக அமைத்த பதிவு. அவள் சொல்லி நிறுத்தும் இடத்தில் நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அவளாகவே, ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘இந்த அம்மா என்ன சொல்கிறார் என்றால்’ என்று இழுக்கக் கூடாது.

தேர்வாளர் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கே பிறந்த இளம்பெண். நான் பேசியதைத் திரும்பப் போட்டுக் காட்டினாள்.

“ஐயா, அவ ‘பயமா இருக்கு’ எண்டுதான் சொல்லுறா. நீங்கள் ‘கொஞ்சம் கவலையாக இருக்கிறது’ எண்டு இங்கிலீஷில சொல்லியிருக்கிறியள். அந்தக் ‘கொஞ்சம்’ எங்கயிருந்து வந்தது?”

“மருத்துவர் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்று...”

“என்னெண்டு தப்பா நினைப்பார்?”

இன்னொரு இடத்தில், அந்தப் பெண் கணவனைப் பற்றிச் சொன்னதற்கு முன்னால், அவள் சொல்லாத ஒரு ‘ஆல்தோ’வையும் நான் சேர்த்திருந்தேன். அவர் நல்லவர்தான் என்றாலும், என்ற தொனியில். ஒலிப்பதிவில் என் குரல் மிகவும் மரியாதையாக இருந்தது.

காரில் திரும்பும்போது மகளிடம் சொன்னேன். அவள் சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்: “ஷி இஸ் ரைட், அப்பா. யூ ஆல்வேஸ் டூ திஸ்.”

2

இப்போது நான் பிழைத்த தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அறுபதுகளின் நடுவில், ரயில் நிலையப் பலகைகளில் இந்தி எழுத்துகளின் மேல் தார் பூசிக் கிடந்த நாட்களில், நான் சிதம்பரத்தில் ஒரு டுட்டோரியலில் வேலை பார்த்தேன். வீடு கடலூரில். காலை பாசஞ்சரில் போய் மத்தியான வண்டியில் திரும்புவேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் ஆங்கிலத்தில் மட்டும் தோற்றவர்கள் அங்கே வருவார்கள். திட்டக்குடி, பரங்கிப்பேட்டை, இடையிலுள்ள கிராமங்கள் எல்லாவற்றிலிருந்தும். ஆணும் பெண்ணும், இருபதைத் தாண்டியவர்களும் உண்டு.

கேள்வித்தாளில் தவறாமல் வரும் ஒரு பகுதி, வாக்கியத்தை மாற்றி எழுதுவது. அதில் நிச்சயமான மதிப்பெண் ஆல்தோ, தோ, இன்ஸ்பைட் ஆஃப். இலக்கணத்தில் இதற்குக் கன்செஷன் என்று பெயர். நான் ‘விட்டுக்கொடுப்பு’ என்று சொல்லிக்கொடுத்தேன். எதிராளி சொல்வதை ஒரு பாதியில் ஒத்துக்கொள்கிறோம். நாம் சொல்ல வந்ததை மறு பாதியில் வைக்கிறோம். மழை பெய்தாலும் பஸ் வந்தது என்றால், மழை பெய்ததை ஒத்துக்கொள்கிறோம். பஸ் வந்ததுதான் செய்தி. ஆங்கிலக்காரன் வாசலிலேயே ‘ஆல்தோ’ என்று தட்டி அறிவித்துவிட்டு உள்ளே வருகிறான். நாம் ‘மழை பெய்’ வரை சொல்லி, சொல்லின் கடைசியில்தான் ‘பெய்தாலும்’ என்று திருப்புகிறோம். இதையெல்லாம் கரும்பலகையில் தராசுப் படம் போட்டு விளக்குவேன். கனம் எந்தத் தட்டில் இருக்கிறது என்று பார்த்து எழுது என்பேன். பையன்கள் எனக்கு ஆல்தோ சார் என்று பெயர் வைத்தார்கள். அதில் எனக்குப் பெருமைதான்.

எங்கள் டுட்டோரியலில் ஒரு வழக்கம் இருந்தது. எல்லோரும் புத்தகத்தில் இருக்கும் ‘ஆல்தோ ஹி இஸ் புவர், ஹி இஸ் ஆனஸ்ட்’ என்பதையே மனப்பாடம் செய்து எழுதினால், காப்பி அடித்ததாக விடைத்தாள் திருத்துபவர் சந்தேகப்படுவார். அதனால் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம். மற்றவர் அதைத் தொடக் கூடாது. சொந்த வாழ்க்கையிலிருந்து உண்மையான விஷயத்தை எடுத்துக்கொண்டால் தேர்வறையில் மறக்காது என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

வாக்கியம் சொல்லும் நாளன்று வகுப்பு கலகலப்பாக இருக்கும். பரங்கிப்பேட்டை ஜமால் எழுந்து, “ஆல்தோ மை அங்கிள் இஸ் இன் பினாங், ஐ ஹேவ் நோ வாட்ச்” என்றான்.

“வாட்ச் இருந்தா மட்டும் நேரத்துக்கு வந்துருவியா, மச்சான்?” என்றது பின்பெஞ்சு.

“எங்க மாமு அனுப்புனா அலாரத்தோட அனுப்புவாருடா. நீதான் வீட்ல அடி வாங்கி எழுந்திருக்கற.”

நானும் சிரித்தேன். அடுத்து பெண்கள் பெஞ்சில் அஞ்சலாட்சி எழுந்தாள். பெயரை மாற்றியிருக்கிறேன், படித்தால் அவளுக்குத் தெரியும். திட்டக்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். சிதம்பரத்தில் ஓர் அரிசி ஆலைக் கணக்கருக்கு வாழ்க்கைப்பட்டு ஓராண்டு ஆகியிருக்கலாம். ஆங்கிலத்தில் தேறிவிட்டால் ஆசிரியர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. கணவரும் சம்மதித்துத்தான் அனுப்பினார்.

அவள் சொன்னாள்: “ஆல்தோ மை ஹஸ்பண்ட் டிட் நாட் பீட் மி எஸ்டர்டே, ஐ வாஸ் அஃப்ரெய்ட்.”

நேற்று என் கணவர் என்னை அடிக்கவில்லை என்றாலும், நான் பயந்தேன்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். எல்லோருக்கும் புரிந்துவிட்டது, தேறுவதற்குப் போதாவிட்டாலும் அந்த அளவு ஆங்கிலம் எல்லோருக்கும் இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான், “கரெக்ட். ‘டிட் நாட் பீட்’. பலர் இங்கேதான் தவறு செய்வார்கள். உட்காரும்மா. நெக்ஸ்ட்” என்றேன்.

3

மறுநாளோ அதற்கடுத்த நாளோ, வகுப்பு முடிந்து கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் கதவருகே நின்றாள். தோழி ஒருத்தி வெளியே காத்திருந்தாள்.

“சார், நீங்க தெனம் கடலூரு போறீங்கல்ல?”

“ஆமாம்மா.”

“எங்கண்ணன் முதுநகர்ல மல்லாட்டை மண்டியில எடை போடறாரு. கலியபெருமாள்னு கேட்டா காட்டுவாங்க. அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்.”

நம் மாவட்டத்துக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்கு: மல்லாட்டை என்றால் நிலக்கடலை. அப்பா அம்மா இல்லாத அவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் இந்த அண்ணன்தான்.

“கடுதாசி போடலாமே?”

“அவருக்குப் படிக்கத் தெரியாது சார். யாருகிட்டயாவது குடுத்துப் படிக்கச் சொல்வாரு. அது சுத்திக்கிட்டு இங்கயே வரும்.”

“என்ன சொல்லணும்?”

“எனக்குப் பயமா இருக்குது, வந்து கூட்டிக்கிட்டுப் போன்னு சொல்லுங்க.”

“வேற?”

“அவ்ளோதான். வேற ஒண்ணும் சொல்ல வேணாம் சார்.”

அன்று மத்தியான வண்டியில் முதுநகரில் இறங்கினேன். மண்டிக்குப் போனேன். கலியபெருமாளைப் பார்த்தேன். அங்கே பேசியதைக் கடைசியில் எழுதுகிறேன். அதை எழுதுவதற்குத்தான் இந்தக் கட்டுரையே. அவள் அறிந்தது எந்த வரிசையில் வந்ததோ அதே வரிசையில் நீங்களும் அறிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் அவள் முதல் ஆளாக வந்திருந்தாள்.

“சொன்னீங்களா சார்?”

“சொல்லிட்டேம்மா.”

“என்னா சொன்னாரு?”

“பொங்கலுக்கு வரிசை எடுத்துக்கிட்டு வரும்போது பார்த்துக்கறேன்னார்.”

“பொங்கலுக்கா” என்றாள். அது கேள்வி மாதிரி இல்லை. பொங்கலுக்கு இன்னும் பல வாரங்கள் இருந்தன; அடைமழை இன்னும் விடவில்லை. அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். மேலும் சில நாட்கள் வந்தாள். பிறகு வரவில்லை. யாரும் விசாரிக்கவில்லை. டுட்டோரியலில் பாதியில் நின்றுபோவது புதிதல்ல. பெண் என்றால் அதற்கு நல்ல காரணம்கூடச் சொல்வார்கள்.

4

அறுபதுகள் முடியும் தறுவாயில் எத்தியோப்பியாவில் ஆசிரியர் வேலை கிடைத்துப் போனேன். பிறகு சாம்பியா. திருமணம், ஒரு மகள். மனைவியின் தம்பி வழியாகக் கனடா. எங்கே போனாலும் அந்தத் தராசுப் படத்தை வரைந்துதான் கன்செஷன் பாடம் எடுத்தேன். அஞ்சலாட்சியின் வாக்கியத்தை எந்த நாட்டிலும் நான் உதாரணமாகச் சொன்னதில்லை. அதை ஒரு நல்ல குணமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மகளுக்கு இந்த ஊரிலேயே திருமணம் ஆயிற்று. ஒருநாள் பெட்டியுடன் வந்து நின்றாள். அவள் தமிழில்தான் ஆரம்பித்தாள். நான் பாதி கேட்டுவிட்டு, “என்ன இருந்தாலும்” என்று தொடங்கினேன். அவள் அம்மா என்னை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டியும் நான் நிறுத்தவில்லை. மகள் விவாகரத்து பெற்றாள், நன்றாகவும் இருக்கிறாள். மருந்து வாங்கி வருகிறாள், கண் மருத்துவரிடம் அழைத்துப் போகிறாள், சாலை நிலவரமும் வானிலையும் சொல்கிறாள். தன்னைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. தமிழிலும் பேசுவதில்லை. பேரனுக்கு என்னிடம் வரும் தமிழ், ‘தாத்தா’ ஒன்றுதான்.

மனைவி இறந்த பிறகு ஊருக்கு ஒருமுறை வந்தேன். வளைகுடாவில் உழைத்துவிட்டுப் பரங்கிப்பேட்டைக்கே திரும்பிவிட்ட ஜமால் என்னோடு தொடர்பில் இருந்தவன். வந்து கட்டிக்கொண்டு, “சார், ஒங்க புண்ணியத்துல மணிக்கட்டுல வாட்ச் ஏறிடுச்சு. வாக்கியந்தான் பொய்யாப்போச்சு” என்றான். அவனிடம் அஞ்சலாட்சியைப் பற்றி விசாரித்தேன். அவளுடைய மூத்த மகள் சிதம்பரத்தில் பள்ளி ஆசிரியை என்றும் அஞ்சலாட்சி அந்த மகளோடு இருப்பதாகவும் சொல்லி அழைத்துப் போனான்.

என்னை உடனே தெரிந்துகொண்டாள். வலது பக்கமாக வந்து உட்காரச் சொன்னாள். இடது காது கேட்காது. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளே, “அது அப்பவே போச்சு சார். தையோ மாசியோ” என்றாள், பல் விழுந்ததைச் சொல்வதுபோல. கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மகள்களைப் படிக்க வைத்ததைச் சொன்னாள். மகள் காபி கொண்டுவந்து வைத்த மேசையில், இப்போது நீங்கள் கையில் வைத்திருக்கும் இதே இதழின் பழைய பிரதிகள் கிடந்தன.

“அண்ணன் எப்படி இருக்கார்?” என்று கேட்டேன்.

“செத்துட்டாரு. நான் போவல.”

ஜமால் பேச்சை மாற்றப் பார்த்தான். அவள் விடவில்லை.

“பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சக்கொத்தும் எடுத்துக்கிட்டு வந்து வாசல்ல நின்னாரு சார். நான் உள்ளேர்ந்து வரவே இல்ல. வாங்கி வைக்கவும் விடல. அப்படியே திருப்பி எடுத்துக்கிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் எத்தினியோ தடவ ஆளு வுட்டாரு. எம் பொண்ணுங்க கல்யாணத்துக்குத் தாய்மாமன் மணைக்குக்கூட நான் கூப்புடல. எல்லாம் தெரிஞ்சும் பொங்கலுக்கு வரேன்னு சொன்ன ஆளு. சொந்தக்காரங்க அத்தினி பேருகிட்டயும் சொல்லிட்டேன், வளத்தவரே கைவுட்டுட்டாருன்னு. அவரு மூஞ்சிக்கு நேராவே கேட்டாங்க. அவரு ஒண்ணும் பேசலியாம்.”

பிறகு நல்ல காதை என் பக்கம் திருப்பினாள்.

“நீங்க நான் சொன்ன மாதிரியேதான சார் சொன்னீங்க?”

“ஆமாம்மா” என்றேன்.

எவ்வளவோ ‘ஆனாலும்’, ‘இருந்தாலும்’ எல்லாம் வாழ்நாள் முழுக்கப் பேசியவன், ஒரு ‘ஆனால்’ கட்டாயம் தேவைப்பட்ட இடத்தில் அதைச் சொல்லவில்லை. காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

5

கனடாவுக்குத் திரும்பிய பிறகு தொலைபேசியில் சொல்லப் பார்த்தேன். அஞ்சலாட்சியின் மகள்தான் எடுத்தாள், அம்மாவுக்குப் போனில் சரியாகக் கேட்காது, என்னிடம் சொல்லுங்கள், நான் சொல்கிறேன் என்றாள். இன்னொருவர் வழியாகப் போகும் சொல்லுக்கு என்ன ஆகும் என்று தெரிந்தவன் நான். நலம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

அந்தத் தேர்வு அறையில் என் குரலை நானே கேட்காமல் இருந்திருந்தால், இதையும் தள்ளிப்போட்டிருப்பேன். கலியபெருமாளின் பெயர் உறவினர் எல்லோர் முன்னாலும் கெட்டது. அதனால் எல்லோரும் படிக்கும் இடத்தில்தான் அதைத் திருத்த வேண்டும். அவளுக்கு வயதாகிறது, எனக்கு அதைவிட.

மண்டியில் நடந்தது இது.

மழை சற்று விட்டிருந்தது. மூட்டைகள் நனையாமல் சாக்குப் படுதா கட்டிக்கொண்டிருந்தார்கள். கலியபெருமாள் பெரிய தராசின் பக்கத்தில் நின்றார். கறுத்து, உயர்ந்த மனிதர். தலைமுண்டாசு முழுக்கக் கடலைத்தோல் தூசி. தங்கைக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறவன் என்றதும் முண்டாசை அவிழ்த்து ஒரு மூட்டையைத் தட்டி உட்காரச் சொன்னார்.

“நல்லாப் படிக்குதா சார்? சின்ன வயசுலேர்ந்தே வாய் ஓயாது அதுக்கு. இங்கிலீஷ்லயும் ஓயாதா?”

“நல்லாப் படிக்குது. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுச்சு.”

“சொல்லுங்க.”

வரும் வழியெல்லாம் வாக்கியத்தைச் சரியாகத்தான் வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வேறு கணக்குகள் வந்தன. எனக்கு அப்போது திருமணம் ஆகவில்லை. இன்னொருவன் மனைவிக்காக இவன் ஏன் தூது வருகிறான் என்று கேட்டால்? அவள் கணவரான கணக்கர் எங்கள் டுட்டோரியல் முதலாளிக்கு வேண்டியவர்; இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று தேடினால்? கணக்கரை நானும் அறிவேன். பார்க்கும் இடத்தில் கைகூப்பி நிற்பவர்.

“கொஞ்சம் பயப்படுது” என்றேன். “புதுக் குடித்தனம் பாருங்க. முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும். என்ன இருந்தாலும் மாப்பிள்ளை மரியாதை தெரிஞ்ச மனுஷர். பொண்டாட்டிய இந்தக் காலத்துல யார் படிக்க அனுப்புறாங்க?”

அவர் உட்காரவில்லை. தராசுத் தட்டைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

“பயம்னா? அதுக்கு ஒண்ணுத்துக்கும் பயம் கெடையாதே சார். கெணத்துல குதிச்சு வெளையாடுன பொண்ணு. இருங்க.” உள்ளே திரும்பி, “செட்டியாரே, நான் கெளம்பறேன், தங்கச்சி வூட்டுக்கு” என்று குரல் கொடுத்தார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து ஒரு கையை நுழைத்துவிட்டார். “சாயங்கால வண்டி இருக்கில்ல? போயி ராவுக்குள்ள கூட்டிக்கிட்டு வந்துடறேன். கூட வரீங்களா, வூட்டுக்குப் போறீங்களா?”

“அவசரப்படாதீங்க. பரீட்சை வேற வருது. நீங்க திடுதிப்புனு போய் நின்னா மாப்பிள்ளை என்ன நினைப்பார்? பொங்கலுக்கு வரிசை எடுத்துக்கிட்டு எப்படியும் போவீங்கல்ல. அப்பப் பார்த்துக்கலாம்.”

பொங்கல் என்ற சொல்லை முதலில் சொன்னது நான்.

அவர் ஒரு கை சட்டைக்குள் இருக்க, அப்படியே நின்றார். படுதா கட்டுகிறவர்கள் எங்களைப் பார்த்தார்கள். பிறகு என் அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து கேட்டார்.

“சார், நீங்க படிச்சவரு. தெனம் பாக்கறீங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. மாப்ள அதுமேல கைய வைக்கறாரா?”

அஞ்சலாட்சி, இல்லை என்று சொன்னேன்.